சைலன்சர் சூட்டைப் பிடித்த லாரி: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு ஒரே ஒரு லாரியைப் பற்றியது. அமெரிக்காவில் 2010 முதல் 2015 வரை, ஃப்ரைட்லைனர் லாரிகளைச் செய்யும் நிறுவனத்தின் பொறியாளர் குழு ஒன்று அதை உருவாக்கியது. எஞ்சின் திறன், அதாவது டீசலின் ஆற்றலில் வேலையாக மாறும் பங்கு, 50 சதவீதத்தைத் தொட வேண்டும் என்பது அவர்களுக்குத் தரப்பட்ட இலக்கு. தொட்டார்கள், கொஞ்சம் தாண்டவும் செய்தார்கள். அதற்குக் கைகொடுத்தவற்றில் ஒன்று, சைலன்சர் வழியாக வீணாகப் போகும் சூட்டைப் பிடித்து மின்சாரமாக்கும் ஒரு குட்டி அனல் மின் நிலையம். லாரியில் முயன்று பார்த்த மற்ற பல விஷயங்கள் இரண்டே வருடத்தில் விற்பனை லாரிக்கு வந்துவிட்டன. இந்தக் கருவி மட்டும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று பார்ப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். சோதனை முடிவுகள் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டவை. நடுவில் வரும் கூட்டல் கழித்தல் என்னுடையது. அதைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பின்னணி

2010-ல் அமெரிக்க எரிசக்தித் துறை 'சூப்பர்டிரக்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஒரு காலன் (சுமார் 3.8 லிட்டர்) டீசலில் எத்தனை டன் சரக்கை எத்தனை மைல் கொண்டுபோக முடிகிறது என்பதுதான் அளவுகோல். 2009 மாடல் லாரியைவிட அது 50 சதவீதம் கூட வேண்டும். அதோடு, டீசலில் உள்ள ஆற்றலில் பாதியாவது சக்கரத்தை நோக்கிப் போகும் வேலையாக மாற வேண்டும். அப்போது சாலையில் ஓடிய நல்ல எஞ்சின்களின் திறன் 42 சதவீதத்தை ஒட்டி இருந்தது. எட்டு புள்ளிதானே என்று தோன்றும். டீசல் எஞ்சினில் ஒரு புள்ளியைக் கூட்ட எத்தனை வருடம் ஆகும் என்று அந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

சூட்டைப் பிடிக்கும் யோசனை புதிதில்லை. 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, அதே அமெரிக்காவில் மேக் லாரி ஒன்றில் தெர்மோ எலக்ட்ரான் நிறுவனம் இப்படி ஒரு ஆவிச் சுற்றைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தது. நெடுஞ்சாலையில் 12.5 சதவீதம் எரிபொருள் மிச்சம் கிடைத்தது. 80-களில் எண்ணெய் விலை இறங்கியது, அதைப் பற்றிய பேச்சும் அடங்கியது. இந்த 12.5 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் குழு ஃப்ரைட்லைனர் லாரிகளைச் செய்யும் நிறுவனத்தைச் சேர்ந்தது. அவர்கள் வீட்டுக்குள்ளேயே இதில் ஒரு முன்னனுபவம் இருந்தது. அதே குழுமத்தின் டெட்ராய்ட் டிடி15 எஞ்சின் 2007-ல் அறிமுகமானபோது, டர்போவுக்குப் (புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி) பின்னால் இன்னொரு டர்பைன், அதாவது புகை தள்ளச் சுழலும் இறக்கைச் சக்கரம் இருந்தது. டர்போவைச் சுழற்றிவிட்டு வெளியேறும் புகை இந்த இரண்டாவது டர்பைனையும் சுழற்றும். அந்தச் சுழற்சி பல்சக்கரங்கள் வழியாக எஞ்சினின் சுழல்தண்டான கிராங்குக்குப் போகும். 50 குதிரைத்திறன் வரை கூடுதலாகக் கிடைக்கும் என்றார்கள். பொய்யில்லை, முழு லோடில் கிடைக்கும். ஆனால் புகையின் பாதையில் ஒரு தடுப்பை வைத்தால் எஞ்சின் அந்தத் தடுப்பை மீறிப் புகையைத் தள்ள வேண்டும். குறைந்த லோடில் ஓடும்போது டர்பைன் தருவதைவிடத் தடுப்பு தின்பது அதிகமாகிவிடலாம். சூப்பர்டிரக் வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 2013 வாக்கில், அந்த எஞ்சினின் புதிய வடிவம் இரண்டாவது டர்பைன் இல்லாமல் வந்தது. ஒரு பக்கம் குறுகலாகவும் மறுபக்கம் அகலமாகவும் இருக்கும் எளிய டர்போ ஒன்று அதன் இடத்தைப் பிடித்தது.

ஆக, சூட்டைப் பிடிக்கும் ஒரு கருவியை அந்த நிறுவனம் கழற்றிக்கொண்டிருந்த அதே சமயத்தில், அதன் ஆராய்ச்சிக் குழு இன்னொன்றை மாட்டிக்கொண்டிருந்தது.

சூடு எங்கே போகிறது

ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. கரண்ட் பில் கணக்கில் 10 யூனிட். அன்றைய அமெரிக்க நெடுந்தூர லாரி காலனுக்கு ஏறக்குறைய 6 மைல் கொடுத்தது. மணிக்கு 65 மைல், அதாவது 105 கிலோமீட்டர் வேகத்தில் அது மணிக்கு 41 லிட்டர் குடிக்கும். மொத்தம் 410 யூனிட். 42 சதவீதம் கிராங்குக்கு என்றால் 170 யூனிட். மீதி 240 யூனிட் சூடாகப் போகிறது. நம் ஊரில் ஒரு சின்னக் குடும்பத்தின் இரண்டு மாத மின்சாரம், ஒரே மணி நேரத்தில் காற்றில் கலக்கிறது.

இதில் ஏறக்குறைய பாதி புகையோடு போகிறது. மீதியில் பெரும்பங்கு ரேடியேட்டர் வழியாகவும் டர்போ காற்றைக் குளிர்விக்கும் கூலர் வழியாகவும் போகிறது. அளவைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், தரம் வேறு. ரேடியேட்டர் தண்ணீர் 90 டிகிரிதான். குளத்தில் எவ்வளவு தண்ணீர் கிடந்தாலும் மட்டம் தாழ்ந்திருந்தால் சக்கரம் சுற்றாது. அது போலத்தான் இதுவும். 300 டிகிரியில் வரும் புகைக்கு மட்டம் உயரம். எனவே கைவைக்க வேண்டிய இடம் புகைக்குழாய்தான்.

சரி, குழாயில் எந்த இடத்தில்? எஞ்சினுக்கு ஒட்டி வைத்தால் சூடு அதிகம் கிடைக்கும். ஆனால் இன்றைய லாரியில் புகை நேராக வெளியே போவதில்லை. கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி, அப்புறம் யூரியா தெளித்து நைட்ரஜன் ஆக்சைடை மாற்றும் அறை என்று ஒரு பெட்டியைக் கடந்துதான் போகிறது. பிஎஸ் 6 புகை விதி வந்ததிலிருந்து நம் ஓட்டுநர்களுக்கும் இந்தப் பெட்டியும் அதன் தொல்லைகளும் பழக்கம். யூரியா வேலை செய்ய 200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அதற்கு முன்னாலேயே சூட்டைத் திருடிவிட்டால் புகைச் சோதனையில் லாரி தேறாது. ஆகவே சூட்டைப் பிடிக்கும் கொதிகலனுக்குப் பெட்டிக்குப் பின்னால்தான் இடம். அங்கே சூடு கொஞ்சம் குறைவு. ஒரு ஆறுதல் உண்டு: மேட்டில் ஏறும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் புகையின் சூடு தாறுமாறாக ஏறி இறங்கும், பெட்டிக்குள் இருக்கும் கனமான பீங்கான் கட்டி அதை வாங்கி வைத்துக்கொண்டு நிதானமாக வெளியே விடும்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு எஞ்சினின் அளவு. இந்த ரக லாரிக்கு வழக்கமான 14.8 லிட்டர் எஞ்சினை விட்டுவிட்டு 10.7 லிட்டருக்கு இறங்கினார்கள். லாரியின் உடலைக் காற்றில் வழுக்கும்படி மாற்றிவிட்டால் அவ்வளவு பெரிய எஞ்சினுக்கு வேலை இல்லை. சிறிய எஞ்சின் தன் சக்திக்கு நெருங்கி உழைக்கும், உராய்வில் இழப்பது குறையும். புகையும் ஓரளவு சூடாகவே வரும்.

இரண்டாவது, புகையின் பாதையில் டர்பைன் வேண்டாம், தனியாக ஓர் ஆவிச் சுற்று போதும் என்பது. ரேங்கின் சுழற்சி என்று பாடப் புத்தகத்தில் படிப்பது. தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் நடப்பதும் அதுதான். புகை ஒரு கொதிகலனை உரசிவிட்டுப் போகும், அவ்வளவே. எஞ்சின் பெரிதாக எதையும் எதிர்த்துத் தள்ள வேண்டியதில்லை. டிடி15 அனுபவத்தோடு சேர்த்துப் பார்த்தால் இந்த முடிவில் நியாயம் இருக்கிறது.

மூன்றாவது, சுற்றுக்குள் என்ன ஓட வேண்டும் என்பது. தண்ணீர் மலிவு, பத்திரம். ஆனால் அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் குளிர்கால இரவில் உறைந்து குழாயைப் பிளந்துவிடும். இதே திட்டத்தில் போட்டியிட்ட கம்மின்ஸ் குழு ஆர்245எஃப்ஏ என்ற குளிர்பதன வாயுவை எடுத்துக்கொண்டது. அது தீப்பிடிக்காது என்பது வசதி. கசிந்தால் கரியமில வாயுவைப் போல ஆயிரம் மடங்கு அளவில் புவியைச் சூடாக்கும் என்பது வில்லங்கம். நம் குழு எத்தனாலைத் தேர்ந்தெடுத்தது.

எத்தனால் என்றால் சாராயம்தான். பானையில் ஊறலைக் காய்ச்சி, ஆவியைக் குழாயில் விட்டு, ஈரத்துணி சுற்றிக் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாகப் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். லாரியிலும் அதேதான், சொட்டியதை யாரும் குடிப்பதில்லை, பம்பு மறுபடி பானைக்கே அனுப்புகிறது. எத்தனால் சாதாரண அழுத்தத்தில் 78 டிகிரியில் கொதிக்கும், உறைய மைனஸ் 114 டிகிரி வேண்டும். பம்பு அழுத்தம் ஏற்றிக் கொதிகலனுக்குள் தள்ளுகிறது. அங்கே திரவம் ஆவியாகிறது. அழுத்தத்தோடு விரிந்து போகிற போக்கில் அந்த ஆவி ஒரு ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது. பிறகு கண்டென்சரில் குளிர்ந்து திரவமாகித் திரும்புகிறது. ஒரே கவலை, இது எளிதில் தீப்பற்றும் பொருள். சூடான புகைக்குழாயை ஒட்டியே அதைச் சுற்றவிட வேண்டும். வெல்டிங்கில் மயிரிழை விரிசல் விட்டாலும் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சோதனைக்கூடத்தில் ஒரு லாரியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கொள்ளலாம். லட்சம் லாரிகள் பத்து வருடம் குலுங்கி ஓடும்போது அது முடியாது.

நான்காவது முடிவு, கிடைக்கும் சக்தியைக் கிராங்கில் பூட்டாமல் மின்சாரமாக்கியது. கம்மின்ஸ் குழு பல்சக்கரம் வைத்துக் கிராங்கிலேயே சேர்த்தது. இவர்கள் லாரியில் ஏற்கெனவே எஞ்சினுக்குத் துணையாக ஒரு ஹைபிரிட் மின் மோட்டாரும் லித்தியம் பேட்டரியும் இருந்தன. அதில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். எஞ்சின் வேகத்துக்குக் கட்டுப்படாமல் ஆவி தன் வேகத்தில் சுழலலாம் என்பது லாபம். மின்சாரமாக்கி, பேட்டரியில் ஏற்றி, மறுபடி மோட்டாரில் இறக்குவதில் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சிந்தும். அதைவிட முக்கியமான ஒன்று: ஹைபிரிட் இல்லையென்றால் இந்தக் கருவிக்கும் சரியான போக்கிடம் இல்லை. இரண்டு விலையுயர்ந்த பொருட்கள் ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டு நின்றன. என் பார்வையில் இந்த முடிவில்தான் கருவியின் தலையெழுத்து பாதி எழுதப்பட்டது.

குளிரவைப்பதுதான் பாடு

இந்த விஷயத்தைப் பற்றிப் பேசுபவர்கள் கொதிகலனையும் ஆவி இயந்திரத்தையும் பற்றியே பேசுவார்கள். அவிழ்க்க முடியாத முடிச்சு கண்டென்சரில் இருக்கிறது.

புதிய லாரியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். காலனுக்கு 12 மைல் கொடுக்கும் லாரி அதே வேகத்தில் மணிக்கு 20 லிட்டர்தான் குடிக்கும். 200 யூனிட். பாதி வேலையாகிவிட்டால் மீதிச் சூடு 100 யூனிட். புகையில் 50 என்று வைப்போம். புகையை ஓரளவுக்கு மேல் குளிர்விக்க முடியாது; எடுக்க முடிவது 30, 32 யூனிட். சுற்றின் திறன் பத்துப் பன்னிரண்டு சதவீதம் என்றால் மூன்றரை யூனிட் வேலை கிடைக்கும். பம்பும் மின் மாற்றமும் தின்றது போக 3 யூனிட் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்த மூன்றரை போக மிச்சம் 28 யூனிட் சூடு எங்கே போகும்? முன்பு அது சைலன்சர் வழியாக யாருக்கும் தொந்தரவில்லாமல் மேலே போய்க்கொண்டிருந்தது. இப்போது அதைப் பிடித்து, எத்தனாலில் ஏற்றி, லாரியின் முகப்புக்குக் கொண்டுவந்து கண்டென்சரில் கொட்டுகிறோம். அங்கே ரேடியேட்டர் ஏற்கெனவே நாற்பது சொச்சம் யூனிட்டைக் காற்றில் விட்டுக்கொண்டிருக்கிறது. அதன் சுமை ஒரே அடியில் பாதிக்கு மேல் கூடுகிறது.

முகப்போ வேறு ஒரு சண்டையின் களம். காற்று எதிர்ப்பைக் குறைக்க முகப்புத் துளைகளை எவ்வளவு மூட முடியுமோ அவ்வளவு மூட வேண்டும். இந்த லாரியில் தேவைக்கேற்பத் திறந்து மூடும் முகப்பு மடல்களே வைத்திருந்தார்கள். மூடினால் மைலேஜ், திறந்தால் கண்டென்சர். கண்டென்சர் சூடாகிவிட்டால் சுற்றின் திறன் விழுகிறது. போதாக்குறைக்கு ஃபேனைப் போட்டுவிட்டால் கதை முடிந்தது: கனரக லாரியின் ஃபேன் முழு வேகத்தில் 20 கிலோவாட்டுக்கு மேல், அதாவது மணிக்கு 20 யூனிட்டுக்கு மேல் இழுக்கும். மூன்றைச் சம்பாதிக்க இருபதைச் செலவழிக்கும் கணக்கு. மேட்டில் முழு லோடில் ஏறும்போது புகையில் சூடு கொட்டும். ஆனால் அப்போதுதான் ரேடியேட்டருக்கும் மூச்சுத் திணறும், ஆகவே சூடு அதிகம் கிடைக்கும் நேரத்தில் புகையைக் கொதிகலனுக்கு அனுப்பாமல் பக்கவழியில் திருப்பிவிட வேண்டியிருக்கும்.

கப்பல்களில் புகையிலிருந்து ஆவி எடுப்பது வெகு காலமாக நடக்கிறது. கப்பலுக்குக் கடலே ரேடியேட்டர். லாரிக்கு இருப்பது முகப்பில் ஒரு ஜன்னல்.

டெக்சாஸ் சாலையில்

எஞ்சின் சோதனை மேடையில் திறன் 50.2 சதவீதம் வந்தது. சூடு மீட்பையும் சேர்த்துத்தான் இந்த எண். சாலைச் சோதனை டெக்சாஸில் சான் அன்டோனியோவுக்கும் டாலஸுக்கும் இடையே ஐ-35 நெடுஞ்சாலையின் ஒரு பகுதியில் நடந்தது. போக வர 312 மைல், ஐந்து நாள். மொத்த எடை 65,000 பவுண்டு, அதாவது இருபத்தொன்பதரை டன். வேகம் 65 மைல். சராசரி காலனுக்கு 12.2 மைல், லிட்டருக்கு 5 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. சரக்குத் திறன் 50 சதவீதம் கூட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள், 115 சதவீதம் கூடியது. 2015 மார்ச்சில் லூயிவில் நகரக் கண்காட்சியில் லாரியை மக்கள் முன் நிறுத்தினார்கள். டிரெய்லர் கூரையில் சூரியத் தகடுகள்கூட இருந்தன.

அதன் பிறகு

2016 செப்டம்பரில் புதிய கேஸ்கேடியா என்ற விற்பனை மாடலை நிறுவனம் அறிமுகப்படுத்தியது. உடலின் வழுக்கல் வடிவம் சூப்பர்டிரக்கிலிருந்து வந்தது. எஞ்சினைக் குறைந்த சுழற்சியில் ஓட்டுவது, ஜிபிஎஸ் வரைபடத்தைப் பார்த்து மேடு பள்ளத்துக்கு முன்கூட்டியே வேகத்தைச் சரிசெய்வது எல்லாம் அதில் இருந்தன. ஹைபிரிட்டும் இல்லை, எத்தனால் சுற்றும் இல்லை. இவ்விரண்டும் பணத்தளவில் கட்டுப்படியாகும் நிலையில் இல்லை என்பது நிறுவனத்தின் தரப்பு.

எவ்வளவு கட்டுப்படியாகவில்லை? அமெரிக்க நெடுந்தூர லாரி வருடத்துக்கு ஒரு லட்சம் மைல் ஓடும் என்று வைத்துக்கொள்ளலாம். திட்டம் தொடங்கியபோது இருந்த 6 மைல் லாரியில் இதே கருவியைப் பொருத்தினால் சூடு அதிகம், எனவே 4 சதவீதம் மிச்சம் என்று வைப்போம்: வருடம் 670 காலன். 2014 தொடக்கத்தில் டீசல் காலன் 4 டாலரை ஒட்டி விற்றது. ஆக 2,700 டாலர். இப்போது 12.2 மைல் லாரியில் 3 சதவீதம்: 250 காலன். 2016 தொடக்கத்தில் டீசல் 2 டாலருக்கு இறங்கியிருந்தது. ஆக 500 டாலர். அமெரிக்க லாரி அதிபர்கள் ஒரு கருவிக்குப் போட்ட பணம் இரண்டு வருடத்துக்குள் திரும்பி வர வேண்டும் என்பார்கள். கொதிகலன், கண்டென்சர், ஆவி இயந்திரம், ஜெனரேட்டர், பம்பு, வால்வுகள், கசிவைக் காட்டும் உணரிகள், இவற்றையெல்லாம் 1,000 டாலருக்கு யார் கட்டித் தருவார்?

எண்ணெய் விலையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. விலை பாதியானது, லாரி குடிக்கும் டீசலோ லாரி நன்றாக இருந்ததாலேயே பாதியானது. வழுக்கல் வடிவம், நல்ல டயர், சிறிய எஞ்சின் ஒவ்வொன்றும் வெற்றி பெறப் பெற, வீணாகும் சூடு 240 யூனிட்டிலிருந்து 100-க்கு இறங்கியது. அதே குழுவின் ஒரு கை செய்த நல்ல வேலை மறு கையின் தீனியைத் தின்றுவிட்டது. மேக் லாரியில் அன்று கிடைத்த 12.5 சதவீதத்தை இன்று யாரும் எதிர்பார்க்க முடியாததற்கும் இது ஒரு காரணம்: அன்றைய எஞ்சின் வீணடித்தது அதிகம்.

இதற்கு நேர்மாறாக ஒன்றையும் சொல்ல வேண்டும். டிடி15-ல் கழற்றப்பட்ட இரண்டாவது டர்பைன் யோசனையை 2017 மாடல் எஞ்சினில் வால்வோ வட அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. திரவம் இல்லை, கண்டென்சர் இல்லை, பேட்டரி தேவையில்லை. கிடைக்கும் லாபம் எஞ்சின் எப்படி ஓட்டப்படுகிறது என்பதைப் பொறுத்தது. ஆனால் முகப்பில் இடம் கேட்காது.

மாற்றிச் செய்வதானால்

சூடு மீட்பைக் கடைசியில் பொருத்தும் பொருளாகப் பார்க்கும் பழக்கத்தை முதலில் விடுவேன். 2010-ல் கணக்குப் போடும்போதே, 2009 லாரியின் புகையை வைத்துப் போடாமல், ஐந்து வருடம் கழித்து வரப்போகும் மெலிந்த லாரியின் புகையை வைத்துப் போட வேண்டும். அப்படிப் போட்டிருந்தால் 3 கிலோவாட்டுக்கான சின்னக் கருவி ஒன்றை வடிவமைத்திருக்கலாம், அல்லது வேண்டாம் என்று அப்போதே விட்டிருக்கலாம். இரண்டுமே நல்ல முடிவுகள்தான்.

அடுத்தது, கண்டென்சரை முகப்பிலிருந்து எடுப்பது. கேபினுக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ வைத்தால் காற்று குறைவு, கண்டென்சர் பெரிதாக வேண்டும், எடை கூடும். ஆனாலும் மைலேஜுக்காக முகப்பை மூட நினைப்பவர்களோடு தினமும் சண்டை போட வேண்டியதில்லை.

ஹைபிரிட்டின் தோளிலிருந்து கையை எடுக்க வேண்டும். லாரியில் ஆல்டர்னேட்டர் எப்படியும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. விளக்கு முதலிய, சாதாரண லாரியிலேயே உள்ள மின் தேவையை மட்டும் இந்த ஆவியிடம் ஒப்படைத்திருந்தால், பெரிய பேட்டரியின் விலை கணக்கில் ஏறியிருக்காது. மிச்சமும் சிறிதாகத்தான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் மாற்றமாட்டேன்: எத்தனால். தீப்பற்றும் என்று தெரிந்தேதான் எடுத்தார்கள். உறையாத, கசிந்தாலும் புவியைப் பெரிதாகச் சூடாக்காத, எந்த ஊரிலும் வாங்கக் கிடைக்கிற திரவங்களின் பட்டியல் சிறியது. 2016-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை கனரக லாரிகளுக்கான அடுத்த கட்டப் புகை விதிகளை வகுத்தபோது, 2027 வரையிலான தொழில்நுட்பக் கணக்கில் ரேங்கின் முறையையும் சேர்த்திருந்தது. அதே வருடம் அறிவிக்கப்பட்ட இரண்டாம் சூப்பர்டிரக் திட்டம் எஞ்சின் திறனுக்கு 55 சதவீதம் என்று இலக்கு வைத்தது. புகைக்குழாயில் கை வைக்காமல் அந்த ஐந்து புள்ளியை எடுப்பது கடினம் என்பது அறிவித்தவர்களுக்கும் தெரியும்.